மண்டபம் கரையில் பொறுக்கியவை: இதில் எது ஃபாசில்?

தென்கடல்_நண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஊர் மண்டபம் பக்கம். வாடைக்காற்று அடங்கியதும் காலையில் கடற்கரையில் நடப்பது என் வழக்கம். இந்த வருடம் குனிந்து குனிந்து பொறுக்கியதில் முதுகு பிடித்ததுதான் மிச்சம் என்று வீட்டில் திட்டு. இருந்தாலும் கீழே உள்ள நான்கையும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

படம் 1: கைப்பிடி அளவு வெள்ளைக் கல். தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கிறது.
படம் 2: வாழைக்காய் போல் வளைந்த கல். ஒரு சாண் நீளம். தூக்கினால் பயங்கரக் கனம். டைனோசர் விலா எலும்பு என்று மச்சான் அடித்துச் சொல்கிறான்.
படம் 3: தட்டையான வட்டம். மேலே ஐந்து இதழ்ப் பூ செதுக்கியது போல் இருக்கிறது.
படம் 4: பழுப்பு நிறச் சில்லு, ஓரம் கூர்மை. கற்கால ஆயுதமாக இருக்குமோ?

எது ஃபாசில், எத்தனை கோடி வருடம் பழசு, விலை போகுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_காக்கா

மச்சானிடம் சொல்லுங்கள், டைனோசர் ராமநாதபுரத்துக்கு வர பஸ் பிடித்திருக்க வேண்டும் தம்பி. நம் கரை முழுக்க மணலும் வண்டலும் சுண்ணாம்பும்தான். பெரியவர் யாராவது வந்து விளக்கமாகச் சொல்லட்டும், நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

பழைய_சுத்தியல்

நிலவியல் படித்து, அதிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படத்தை வைத்துச் சொல்வது பாதி உண்மைதான், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள், கல்லை அப்புறம் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கோடி வருடக் கணக்கு பேச வேண்டுமானால் அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். அங்கே கிரீத்தேசியக் காலத்து, அதாவது டைனோசர்கள் இருந்த காலத்துக் கடல் அடித்தரை இன்று காடு மேடாகக் கிடக்கிறது. காரை கிராமத்துக்குப் பக்கத்து ஓடைகளில் அம்மோனைட் என்ற கடலுயிரியின் சுருள் ஓடு கல்லாகிக் கிடைக்கும். அந்த உயிரினம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டது. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் முழுசாகக் கல்லாகிப் படுத்திருக்கிறது. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் இருப்பவை சுமார் 2 கோடி ஆண்டுக் கல்மரங்கள். உங்களுக்குக் கிட்டத்தில் என்றால் சிவகங்கைப் பக்கத்துப் பாறைகளில் இலைப் பதிவுகள் உண்டு. மண்டபம் கடற்கரையில் இந்த வயதுப் பாறை எதுவும் வெளியே தெரிவதில்லை. ஆகவே 'கோடி' என்ற சொல்லை இந்த இழையிலிருந்து எடுத்துவிடலாம்.

படம் 1 முருகைக்கல், அதாவது பவளப் பூச்சி கட்டிய கூடு. ஒவ்வொரு அறைக்குள்ளும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் சக்கரத்து ஆரக்கால் மாதிரி வரும். அந்தத் தகடு கூர்மையாக, உடையாமல் இருந்தால் செத்து அதிக நாள் ஆகவில்லை. தேய்ந்து, அறைக்குள் சுண்ணாம்பு அடைத்து, கல் கனத்துப் போயிருந்தால் பழசு. பாம்பன், ராமேசுவரம் பக்கம் கடல் மட்டத்துக்கு மேலேயே நிற்கும் பவளத்திட்டு இருக்கிறதே, அது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட உயரமாக இருந்தபோது வளர்ந்தது. பொதுவாக 10,000 ஆண்டுகளைத் தாண்டினால்தான் புதைபடிவம் என்பார்கள். அந்தக் கணக்கில் இந்தத் திட்டு இன்னும் பிள்ளைதான்.

படம் 3 கடல் முள்ளெலியின் உறவுக்கார உயிரினம். ஐந்து இதழ் யாரும் செதுக்கியதல்ல, மூச்சு விடும் சின்னக் குழாய்கள் வெளியே வந்த துளைகளின் வரிசை. வெள்ளையாக, லேசாக, அழுத்தினால் நொறுங்குவதாக இருந்தால் போன வருடத்துச் சரக்கு. இதே ஐந்து இதழோடு கல்லாகிப் போனவை அரியலூரில் கிடைக்கும். அதைக் கையில் வைத்தால் கூழாங்கல் கனம் கனக்கும்.

மற்ற இரண்டையும் படத்தில் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

வடகடல்_பெண்

படம் 2 எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கடல் தொழில் செய்தவர். அது ஆவுளியா விலா. கடல்பசு என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அதுதான். ஆட்டு விலாவையோ மாட்டு விலாவையோ உடைத்தால் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். ஆவுளியா விலாவில் அந்தப் பஞ்சு கிடையாது, முழுக்க இறுகிய எலும்பு. கடல்புல் மேய அடித்தரையில் கிடக்க வேண்டுமே, அதற்கு உடம்பில் பாரம் வேண்டாமா? அதனால்தான் கல் மாதிரி கனக்கிறது. நேற்றுச் செத்த ஆவுளியாவின் விலாவே கல்லாகிவிட்டதோ என்று தோன்றும், இது தொட்டாலே ஏமாற்றும்.

அண்ணே, ஒரு விஷயம். அதை வீட்டில் வைக்காதீர்கள்.

பழைய_சுத்தியல்

அம்மா சொல்வதுதான் சரி. கனமாக இருந்தால் கல்லாகிவிட்டது என்ற விதி ஆவுளியாவிடம் செல்லாது. எனக்கே ஒரு தடவை இதில் மூக்குடைந்தது. மாணவர்கள் முன்னால், அதுவும்.

இன்னொரு ஏமாற்றுக்காரன் திமிங்கிலத்தின் காது எலும்பு. சங்கு மாதிரி சுருண்டு, வழவழப்பாகக் கிடக்கும். கல்லாகிய சிப்பி என்று ஆணையிட்டுச் சொல்வார்கள்.

தென்கடல்_நண்டு

வீட்டில் வைக்கக்கூடாது என்றால்? கரையில் கிடந்ததைத்தானே எடுத்தேன், வேட்டையா ஆடினேன்?

சட்டக்_கட்டு

நண்டு சார், கிடந்ததா பிடித்ததா என்பது சட்டத்துக்கு இரண்டாம் கேள்விதான். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல்பசு முதல் பட்டியலில் இருக்கிறது, பவளமும் அதே பட்டியலில்தான். செத்த எலும்பும் செத்த பவளமும் அந்த விலங்கின் பகுதிதான். வைத்திருப்பதே சிக்கல், விற்பது பெரிய சிக்கல். மேலும் நீங்கள் நடப்பது சாதாரணக் கரை இல்லை. மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்தப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. 'ஒரே ஒரு கல்தானே' என்று ஆரம்பித்த கதை அது.

விலை கேட்டிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் அழித்துவிடுங்கள்.

தென்கடல்_நண்டு

அழித்துவிட நினைத்தேன், திருத்தும் வசதி இல்லை. இருக்கட்டும், மற்றவர்களுக்குப் பாடம். முருகைக்கல்லை எடுத்த இடத்திலேயே இன்று காலை போட்டுவிட்டேன். விலாவுக்கு வனத்துறைக்குப் போன் செய்தேன், வந்து வாங்கிக்கொண்டார்கள். எங்கே கிடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மச்சானுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.

படம் 4 மட்டும் என்ன என்று யாரும் சொல்லவில்லையே?

சாயர்புரம்_தேரி

நான் பக்கத்து மாவட்டம், தூத்துக்குடி. எங்கள் செம்மணல் தேரியில் நுண்கற்கருவிகள் கிடைப்பது ஊரறிந்த சங்கதி. 1863-இல் பல்லாவரத்தில் கைக்கோடரி கண்டெடுத்தாரே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் காலத்திலேயே தேரிக் கருவிகளும் கவனத்துக்கு வந்துவிட்டன. அப்புறம் சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் 1956-இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பெரும்பாலும் செர்ட் என்ற இறுகிய கல்லிலும் வெங்கச்சாங்கல்லிலும் செய்தவை. சில கருவிகள் விரல் நகத்தைவிடச் சின்னவை.

மனிதன் அடித்த சில்லுக்கு ஒரு கையெழுத்து உண்டு. அடி விழுந்த இடம் சின்ன மேடையாகத் தெரியும். அதற்கு நேர் கீழே வழவழப்பான ஒரு புடைப்பு. புடைப்பிலிருந்து குளத்தில் கல் போட்டது போல அலை அலையாக வளையம் விரியும். முதுகுப் பக்கம் திருப்பினால் ஏற்கெனவே சில்லு பெயர்த்த தழும்புகள், ஒரே திசையில், ஒன்றை ஒட்டி ஒன்று. கடல் அலை மோதியும் மாட்டு வண்டி ஏறியும் கல் உடையும்தான், ஆனால் அந்த உடைசலில் ஒரு வரிசை இருக்காது.

ஒற்றைச் சில்லை வைத்து முடிவு சொல்லாதீர்கள். கருவி செய்த இடம் என்றால் கழிவுச் சில்லு நூற்றுக்கணக்கில் கிடக்க வேண்டும், சில்லு பெயர்த்த மூலக்கல் கிடக்க வேண்டும். தச்சுப் பட்டறையில் நாற்காலியைவிடச் சீவல்தானே அதிகம் இருக்கும்? சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுக் கணக்கு சொல்ல முடிந்ததும், மண் அடுக்கு அடுக்காகத் தோண்டி எந்தக் கருவி எந்த அடுக்கில் என்று பார்த்ததால்தான். கையில் வைத்த கல்லை முறைத்துப் பார்த்து வந்த கணக்கு இல்லை அது.

சரி, உங்கள் சில்லுக்கு வருவோம். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே குமிழி தெரிகிறதா?

தென்கடல்_நண்டு

தெரிகிறது. வரிசையாகச் சின்னக் குமிழிகள். அப்புறம்... ஓரத்தில் ஆங்கில எழுத்து ஒன்று பாதி புடைத்திருக்கிறது. இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

கீழக்கரை_காக்கா

பீர் பாட்டில்! கற்கால மனிதன் நம்மைவிட முன்னேறியவன் போலிருக்கிறது.

சாயர்புரம்_தேரி

வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியும் செர்ட்டும் ஒரே மாதிரிதான் உடையும், அதே புடைப்பு, அதே அலை வளையம். கடல் தேய்த்துவிட்டால் மேல்பளபளப்பும் போய்விடும். எனக்கும் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, எல்லாம் பச்சை, பழுப்பு.

அக்கினி_தீர்த்தம்

இழைக்குக் கொஞ்சம் விலகிய கேள்வி. ராமேசுவரத்தில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் கல் காட்டுகிறார்களே, அது ஃபாசிலா? ஒரு கடையில் சின்னத் துண்டு கொடுத்தார்கள், வீட்டு வாளியில் இரண்டு நாள் மிதந்து மூன்றாம் நாள் மூழ்கிவிட்டது. பாவம் ஏதும் செய்துவிட்டோமா என்று மாமியார் கேட்கிறார்.

பழைய_சுத்தியல்

மாமியாருக்கு ஆறுதல் சொல்லுங்கள். மிதக்கிற கல்லில் இரண்டு சாதி. ஒன்று எரிமலை நுரைக்கல். கொதிக்கும் குழம்பு காற்றுக் குமிழியோடு சட்டென்று இறுகியது. 1883-இல் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இந்தக் கல் திட்டுத் திட்டாக மிதந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போனது. மற்றது நன்றாகக் காய்ந்த, துளை அதிகமுள்ள முருகைக்கல். துளைக்குள் காற்று இருக்கும் வரை மிதக்கும், தண்ணீர் புகுந்ததும் மூழ்கும். உங்களுடையது இரண்டாவது என்றுதான் படுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், எலுமிச்சைச் சாறும் போதும். பவளம் சுண்ணாம்பு, பொங்கும். நுரைக்கல் பேசாமல் இருக்கும். நம்பிக்கை வேறு, வினிகர் வேறு, இரண்டையும் குழப்பிச் சண்டைக்கு வராதீர்கள். பவளம் என்று தெரிந்தால் மேலே சட்டக்_கட்டு சொன்னதையும் ஒருமுறை படியுங்கள். அப்புறம், பழங்காலப் பொருள் என்று சந்தேகம் உள்ள எதிலும் அமிலம் விடவே கூடாது.

அக்கினி_தீர்த்தம்

பொங்கியது. மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று: சாளக்கிராமம்?

பழைய_சுத்தியல்

அது அசலான புதைபடிவம்தான். கண்டகி ஆற்றுக் கருப்புக் கல் உருண்டை, உள்ளே அம்மோனைட் சுருள். நேபாளத்திலிருந்து வருவது. நம் கரையில் கிடைத்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மணல்மேட்டு_வாசி

நண்டு அண்ணா, என் வீடும் அந்தப் பக்கம்தான். கடலோர மணல் மேட்டில் கை கால் எலும்பு மாதிரி வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் போரில் செத்தவர்கள் எலும்பு என்று பயமுறுத்துவார்கள். அவை செடியின் வேர். வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, வேர் மக்கிய பிறகு குழாய் மட்டும் நின்றுவிட்டது, சுக்கான்கல் மாதிரி. சிப்பியும் மணலும் ஒட்டிக் கெட்டியான கடற்கரைப் பாறையும் அப்படித்தான், பார்க்க யுகாந்திரம் பழசு போல இருக்கும். வெளிநாட்டுக் கரைகளில் அப்படிப்பட்ட பாறைக்குள் பாட்டில் துண்டு ஒட்டிக்கிடந்ததெல்லாம் உண்டு.

தென்கடல்_நண்டு

அப்படியானால் நான்கில் நான்கும் தேறவில்லை. சரி, கணக்கை முடிக்கும் முன் ஒன்றே ஒன்று. இது கல்லும் இல்லை, கடற்கரையில் எடுத்ததும் இல்லை. போன வருடம் வீட்டு மனையை மேடாக்க மண் அடித்தோம். அதில் என் மகள் எடுத்த ஓட்டுச் சில்லு. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, வட்டமாகத் தேய்த்திருக்கிறது. பாண்டி ஆட வைத்திருந்தாள். படம் 5. ஓட்டில் ஏதோ நெருக்கமாகக் கோடு இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

வைகை_முகத்துவாரம்

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். படம் 5-ஐ இன்னும் நெருக்கமாக எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து. இரண்டு பக்கமும், உடைந்த ஓரமும் வேண்டும். கழுவ வேண்டாம்.

இதற்குப் பதில் சொல்லுங்கள். ஓடு மெல்லியதா? மண் மாவு மாதிரி நைசா, இல்லை மணல் நெருடுகிறதா? நிறம் சாம்பலா, கருப்பா? அந்தக் கோடு நகத்தால் கிள்ளியது போலச் சின்னச் சின்னதாக, வளைவாக ஓடுகிறதா?

தென்கடல்_நண்டு

மெல்லியது. நைஸ். சாம்பல், ஒரு பக்கம் கருப்பு மினுமினுப்பு. ஆமாம், கிள்ளியது போலத்தான், மூன்று வரிசை வளைவாக.

வைகை_முகத்துவாரம்

அப்படியானால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கையில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் ரௌலட்டட் ஓடு என்கிறார்களே, அதற்குப் பொருந்துகிறது. தட்டின் உள்பக்க அடியில் பல் வைத்த கருவியை ஓட்டி வட்ட வட்டமாகப் பதிப்பார்கள். ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழசு. 1945-இல் புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் இதைத் தோண்டி எடுத்தபோது ரோமிலிருந்து வந்தது என்று நினைத்தார்கள். பிறகு இந்திய மண்ணில் செய்தது என்று தெரிந்தது. இலங்கை, இந்தோனேசியா வரைக்கும் இது போயிருக்கிறது.

நம் மாவட்டத்தில் இது கிடைக்கும் இடம் அழகன்குளம். வைகை கடலில் சேரும் இடத்தில் இருந்த பழைய துறைமுகம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87-இலிருந்து பல கட்டமாகத் தோண்டியது, 2016-17-இலும் தோண்டியது. ரோமக் காசு, ஆம்போரா ஜாடி ஓடு, சங்கு வளையல் துண்டு, மணிகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் வந்த இடம். உடைந்த ஓட்டைத் தேய்த்து வட்டச்சில்லு ஆக்கி விளையாடுவதும் புதுசு இல்லை. கீழடியிலும் வட்டச்சில்லு நிறைய வந்தது. அந்தக் காலத்தில் அதை எதற்குச் செய்தார்களோ அதற்கே உங்கள் மகளும் பயன்படுத்தியிருக்கிறாள்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த மண் எங்கிருந்து வந்தது?

கீழக்கரை_காக்கா

கேட்கும்போதே உடம்பு புல்லரிக்கிறது. எங்கள் பக்கம் பெரியபட்டினத்தில் இப்படித்தான் பீங்கான் ஓடு காலில் மிதிபடும். பழைய வீட்டுத் தட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980-களில் தோண்டிப் பார்த்தபோதுதான் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் என்று புரிந்தது.

மனம்_நொந்தவன்

நண்டு, நான் சொல்வதைக் கேளுங்கள், பேசாமல் அலமாரியில் வையுங்கள். கண்மாய் தூர் வாரும்போது வந்த ஒரு பொருளை நான் பொறுப்பாக ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீது இல்லை, பதில் இல்லை. ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அப்படி ஒன்று வந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை.

சட்டக்_கட்டு

உங்கள் கோபம் நியாயம். ரசீது இல்லாமல் எதையும் கொடுக்கக்கூடாது. ஆனால் அலமாரியும் வழி இல்லை. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருடப் புதையல் சட்டம். பத்து ரூபாய், ஆமாம், இன்னும் அதே தொகைதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்க முடியாது, அது 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம். ஓட்டுச் சில்லுக்கு யாரும் வழக்குப் போட வரமாட்டார்கள், ஆனாலும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. கடிதம், படம், கிடைத்த இடம், நகலில் ஒப்புகை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

நொந்தவரே, மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தோட்டத்தில் குழி வெட்டும்போது கிடைத்த கற்கோடரியைத் தெரிந்த தொல்லியல்காரரிடம் காட்டினார். 2006-இல் அதில் சிந்து எழுத்து இருக்கிறதா இல்லையா என்று நாடே சண்டை போட்டது. இன்னும் முடியவில்லை. அவர் அலமாரியில் வைத்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

மனம்_நொந்தவன்

அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். எனக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வைகை_முகத்துவாரம்

அதையும் மறுக்க மாட்டேன். உங்கள் கண்மாய்ப் பொருளின் படம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

நண்டு, மண் எங்கிருந்து வந்தது? அந்த இடத்தில் இன்னும் ஓடு இருக்கலாம், பக்கத்திலேயே கருப்பு சிவப்புப் பானையும் இருக்கலாம். சில்லு ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது, மிச்சக் கதை அந்தக் குழியில்.

தென்கடல்_நண்டு

மன்னிக்கவும், நான்கு நாள் கழித்து வருகிறேன். டிராக்டர்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன். நேற்றுதான் பிடித்தேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பட்டா நிலத்தில் ஏழு நடை, உச்சிப்புளிப் பக்கம் ஒரு குளக்கரையில் ஐந்து நடை, மீதி எங்கே என்று அவருக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் கொட்டி ஜேசிபி வைத்து நிரவிவிட்டார்கள். அதற்கு மேல்தான் இப்போது எங்கள் சமையலறை.

வைகை_முகத்துவாரம்

ஆற்றங்கரை என்றால் அழகன்குளத்துக்குப் பக்கத்து ஊர். ஆனால் எல்லா நடையும் கலந்துவிட்டதே.

அந்தப் பட்டா நிலத்துக்காரர் பெயர் டிராக்டர்காரருக்குத் தெரியுமா? பள்ளம் இன்னும் மூடாமல் இருந்தால் ஓரத்து மண் அடுக்கையாவது பார்க்கலாம். எதையும் தோண்டாதீர்கள், பார்த்துப் படம் மட்டும் எடுங்கள்.

தென்கடல்_நண்டு

தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். மச்சானும் வருகிறானாம், கையில் மண்வெட்டி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மகள் சில்லைத் தர மறுக்கிறாள். வேறு சில்லு தேய்த்துக் கொடுத்தால் தருவதாக ஒப்பந்தம். இன்று மாலை முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து ஓட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வட்டமாக வரவே மாட்டேன் என்கிறது.